நள்ளிரவில் கூடிய நாடாளுமன்றமும் கிண்ணமில்லாத வெற்றியும்: ஐஸ் ஹொக்கியில் எது உண்மையான உலகத் தொடர்?

2023 மே 28ஆம் திகதி, பின்லாந்தின் தம்பேரே நகரில் லற்வியாவின் ஐஸ் ஹொக்கி அணி அமெரிக்காவை மேலதிக நேரத்தில் 4-3 என வென்றது. உலக சம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் அது. அன்று நள்ளிரவை அண்மித்த வேளையில் லற்விய நாடாளுமன்றம் அவசரமாகக் கூடியது. உறுப்பினர்கள் சிலர் தேசிய அணியின் மேலாடையை அணிந்தபடியே வந்து அமர்ந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை பொது விடுமுறை என்று சட்டம் நிறைவேறியது. 19 இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நாடு அது. உலக சம்பியன்ஷிப்பில் அவர்களுக்குக் கிடைத்த முதலாவது பதக்கம் அந்த வெண்கலம்.

அதே நாளில் அதே அரங்கில் தங்கம் வென்றது கனடா. இறுதியாட்டத்தில் ஜேர்மனியை 5-2 என வென்றார்கள். கனடாவில் யாரும் நாடாளுமன்றத்தைக் கூட்டவில்லை. அந்த நாட்டு ரசிகர்களின் கண் அப்போது வேறொரு கிண்ணத்தின் மீது இருந்தது.

ஒரே தொடர், ஒரு நாட்டுக்கு வரலாறு, இன்னொரு நாட்டுக்குப் பக்கச் செய்தி. கால்பந்தில் இந்தக் குழப்பம் இல்லை. உலகக் கிண்ணம் என்றால் எது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஐஸ் ஹொக்கியில் 'உலகின் சிறந்த அணி' என்ற பட்டத்தை யார் கொடுப்பது என்பதே நூறு ஆண்டுகளாகத் தீராத வழக்கு. பட்டம் வழங்கும் அதிகாரம் ஒரு கையில் இருக்கிறது. சிறந்த வீரர்கள் இன்னொரு கையில் இருக்கிறார்கள். எது பெரியது என்று நம்பும் மக்கள் இரண்டு கைக்கும் வெளியே நிற்கிறார்கள். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த தருணங்கள் மிகக் குறைவு.

கனடாவில், சுவிற்சர்லாந்தில், நோர்வேயில் வாழும் எமது உறவுகளின் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு அந்நியமானதல்ல. இங்கிருந்து பார்க்கும் எமக்குத்தான் அது பனியில் சறுக்கிக்கொண்டு இறப்பர் வட்டைத் துரத்தும் ஒரு புதினம். ஆனால் அங்கீகாரம் என்பதை யார் தருகிறார்கள், தராவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி எமக்குப் புதிதல்ல. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த விளையாட்டின் வரலாறு வேறுவிதமாகத் தெரிகிறது.

மே மாதத்துச் சிக்கல்

சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் 1908இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. இன்று அதன் தலைமையகம் சூரிச்சில் இருக்கிறது. 80க்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் அதில் உறுப்புரிமை பெற்றுள்ளன. உலக சம்பியன் என்ற பட்டத்தைச் சட்டப்படி வழங்கும் உரிமை இந்தச் சம்மேளனத்துக்கே உண்டு. 1920இல் அன்ற்வேர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியே முதலாவது உலக சம்பியன்ஷிப்பாகக் கணக்கிடப்படுகிறது. இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில், 16 நாடுகள் முதல் பிரிவில் மோதுகின்றன. அதற்குக் கீழே படிக்கட்டுப் போலப் பல பிரிவுகள் உள்ளன.

சிக்கல் அந்த மே மாதத்தில்தான் இருக்கிறது. உலகின் சிறந்த வீரர்களில் பெரும்பாலானோர் வட அமெரிக்காவின் என்.எச்.எல் எனப்படும் தொழில்முறை லீக்கில் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். 32 கழகங்கள், அதில் 7 கனடாவில், மிகுதி அமெரிக்காவில். ஏப்ரல் நடுப்பகுதியில் அவற்றில் 16 கழகங்கள் ஸ்ரான்லி கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றுக்குள் நுழைகின்றன. அது ஜூன் வரை இழுக்கும். கனடாவின் மகாதேசாதிபதியாக இருந்த ஸ்ரான்லி பிரபு 1892இல் வழங்கிய அந்தக் கிண்ணம் ஒரு கழகக் கிண்ணம்தான், நாடுகளுக்கானதல்ல. ஆனாலும் ஒரு கனேடியச் சிறுவனிடம் எதை வெல்ல ஆசை என்று கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வான்.

ஆகவே மே மாதத்து உலக சம்பியன்ஷிப்புக்கு வருபவர்கள் யார்? வெளியேற்றச் சுற்றுக்கே தகுதி பெறாத கழகங்களின் வீரர்கள், முதற் சுற்றில் தோற்றவர்கள், ஐரோப்பிய லீக்குகளில் ஆடுபவர்கள். தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே விமானம் ஏறி வந்து இணைபவர்களும் உண்டு. காயம், களைப்பு, புதிய ஒப்பந்தம் என்று வராமல் விடுபவர்களும் உண்டு. ஐரோப்பாவில் இதை யாரும் குறையாக எடுப்பதில்லை. 2024இல் பிராக்கிலும் ஒஸ்ட்ராவாவிலும் நடந்த தொடரை அரங்கில் இருந்து பார்த்தவர்கள் ஏறத்தாழ 8 இலட்சம் பேர்.

பலம் குறைந்த தொடர் என்று சொல்பவர்களுக்கு 2025 மே மாதம் நல்ல பதில் தந்தது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நடந்த காலிறுதியில் சிட்னி குறொஸ்பி, நேதன் மக்கினன் போன்றவர்கள் ஆடிய கனடாவை டென்மார்க் 2-1 என வீழ்த்தியது. கடைசி மூன்று நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள். பெயர்ப் பட்டியலை வைத்து மட்டும் ஒரு தொடரின் எடையைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அமெச்சூர் என்ற பெயரில்

சிறந்தவர்கள் வராத உலக சம்பியன்ஷிப் என்பது என்.எச்.எல் காலத்து நோயல்ல, பிறவி நோய். ஆரம்பத்தில் சம்மேளனமும் ஒலிம்பிக் குழுவும் சம்பளம் வாங்காத அமெச்சூர் வீரர்களை மட்டுமே அனுமதித்தன. கனடா தனது தேசிய அணியை அனுப்புவதில்லை. ஏதாவது ஒரு நகரத்துக் கழகத்தை அனுப்பிவைக்கும். அவர்களே போய் எல்லாரையும் வென்றுவிட்டு வருவார்கள். பின்னர் சோவியத் ஒன்றியம் வந்தது.

1954இல் ஸ்ரொக்ஹோமில் முதன்முதலாகக் களமிறங்கிய சோவியத் அணி, கனடாவின் பெயரில் ஆடிய ஈஸ்ற் யோர்க் லின்ட்ஹேர்ஸ்ற்ஸ் கழகத்தை 7-2 என நொறுக்கியது. ஈஸ்ற் யோர்க் என்பது இன்று எம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவுக்கு அருகே, ரொறன்ரோவின் ஒரு பகுதி. ஒரு பேட்டைக் கழகம் தோற்றதற்கு ஒரு நாடே வெட்கப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு கழகம் போய் 5-0 எனப் பழிதீர்த்தது. ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. சோவியத் வீரர்கள் பெயரளவில் இராணுவ அதிகாரிகள், தொழிலாளர்கள். நடைமுறையில் ஆண்டு முழுவதும் ஹொக்கி தவிர வேறு வேலை செய்யாதவர்கள். 1963 முதல் 1971 வரை தொடர்ச்சியாக ஒன்பது முறை அவர்கள்தான் உலக சம்பியன்கள்.

சம்பளம் வாங்கும் வீரனை விலக்கி, அரசாங்கம் சோறு போடும் வீரனை அனுமதிப்பது என்ன நியாயம் என்று கனடா கேட்டது. 1970ஆம் ஆண்டுத் தொடர் மொன்றியலிலும் வின்னிபெக்கிலும் நடக்கவிருந்தது. என்.எச்.எல்லுக்கு வெளியே ஆடும் ஒன்பது தொழில்முறை வீரர்களைச் சேர்க்கலாம் என்று முதலில் சம்மேளனம் இணங்கியது. ஒலிம்பிக் தகுதி பறிபோகும் என்ற எச்சரிக்கை வந்ததும் பின்வாங்கியது. கனடா போட்டியை நடத்தவும் மறுத்து, சர்வதேசப் போட்டிகளிலிருந்தும் விலகியது. தொடர் ஸ்ரொக்ஹோமுக்கு மாறியது. 1977 வரை கனடா உலக சம்பியன்ஷிப்பிலும் இல்லை, இடையில் வந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் இல்லை. விளையாட்டைப் பிறப்பித்த நாடே இல்லாத ஒரு தொடரில் கிடைக்கும் உலகப் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை.

கிண்ணமே இல்லாத தொடர்

பதில் 1972 செப்ரெம்பரில், சம்மேளனத்தின் எந்தப் பட்டமும் இல்லாத ஒரு தொடரில் வந்தது. கனடாவின் என்.எச்.எல் வீரர்களும் சோவியத் தேசிய அணியும் எட்டு ஆட்டங்கள் மோதுவதென முடிவாயிற்று. நான்கு கனடாவின் நகரங்களில், நான்கு மொஸ்கோவில். வென்றால் தூக்கிக் காட்டக் கிண்ணம்கூடக் கிடையாது.

எட்டையும் கனடா வெல்லும் என்று அங்குள்ள பத்திரிகைகள் எழுதியிருந்தன. முதலாவது ஆட்டத்தில் மொன்றியலில் சோவியத் 7-3 என வென்றது. நான்காவது ஆட்டத்தில் வன்கூவர் ரசிகர்கள் சொந்த அணியைப் பார்த்தே கூவினார்கள். ஆறாவது ஆட்டத்தில் கனடாவின் பொபி கிளார்க், சோவியத்தின் அழகிய ஆட்டக்காரர் வலேரி கர்லாமோவின் கணுக்காலைக் குறிவைத்துத் தடியால் அடித்தார். கடைசி ஆட்டம் முடிய 34 விநாடிகள் இருக்கையில் போல் ஹென்டர்சன் அடித்த கோலினால் கனடா 6-5 என வென்றது. நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமநிலை.

சோவியத் அணி வென்ற ஒன்பது உலகப் பட்டங்களையும் வரிசையாகச் சொல்லக்கூடிய கனேடியர் இன்று அரிது. ஹென்டர்சனின் கோலைச் சொல்லத் தெரியாத முதியவரும் அங்கே அரிது. ரஷ்யர்களும் அந்தத் தொடரைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை. வெல்ல முடியாதவர்கள் எனப்பட்டவர்களை நடுங்கவைத்த மாதமாகவே நினைவுகூர்கிறார்கள். அங்கீகார முத்திரை இல்லாத ஒரு தொடர், முத்திரை உள்ள எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிட்டது. கிளார்க்கின் அடியைப் பற்றிக் கனடாவில் இன்றும் இருவித நியாயம் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வெற்றியாளர் வரலாற்றில் அப்படியான அடிகளுக்கு எப்போதும் ஒரு விளக்கம் இருக்கும்.

அந்தச் சூட்டைப் பணமாக்கப் பிறந்ததுதான் கனடா கிண்ணம். 1976, 1981, 1984, 1987, 1991 என ஐந்து முறை நடந்தது. நடத்தியவர் வீரர்கள் சங்கத்தின் தலைவர் அலன் ஈகிள்சன். தொழில்முறையா அமெச்சூரா என்ற தடை இல்லாமல் எல்லா நாடுகளும் தங்கள் சிறந்தவர்களைக் கொண்டுவந்த முதலாவது தொடர் என்ற வகையில் அதன் தரம் உயர்ந்ததே. 1987 இறுதித் தொடரின் மூன்று ஆட்டங்களும் 6-5 என முடிந்தன. கடைசியில் வெய்ன் கிறெற்ஸ்கி கொடுத்த பந்தை, அதாவது வட்டை, மரியோ லெமியூ கோலாக்கியதை இந்த விளையாட்டின் உச்சம் என்பவர்கள் பலர்.

ஆனால் தரமும் நேர்மையும் ஒன்றல்ல. 1981 இறுதியாட்டத்தில் சோவியத் அணி கனடாவை மொன்றியலில் 8-1 என வென்றது. வென்றவர்கள் கிண்ணத்தைக் கொண்டுபோக ஈகிள்சன் விடவில்லை; அது கனடாவை விட்டு வெளியேறாது என்று மறித்துவிட்டார். வின்னிபெக்கைச் சேர்ந்த ஒரு பாரவூர்திச் சாரதி வெட்கப்பட்டு, சக கனேடியர்களிடம் பணம் சேர்த்து, அதே அச்சில் ஒரு கிண்ணம் செய்வித்து சோவியத் தரப்பிடம் கையளித்தார். ஈகிள்சன் 1998இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஒரு தொடரின் மானத்தை அதை நடத்தியவரைவிட அந்தச் சாரதி நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

கனடா கிண்ணம் 1996இல் 'உலகக் கிண்ணம்' என்று பெயர் மாறியது. லீக்கும் வீரர்கள் சங்கமும் அதன் உரிமையாளர்கள். 1996, 2004, 2016 என அது வந்த ஆண்டுகளைப் பார்த்தாலே ஒழுங்கு விளங்கும். 2016இல் எட்டு அணிகள் ரொறன்ரோவில் மோதின. அதில் இரண்டு, நாடுகளே அல்ல. 23 வயதும் அதற்குக் குறைந்ததுமான கனேடிய, அமெரிக்க இளைஞர்களின் ஓர் அணி. ஸ்லோவாக்கியா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, ஸ்லோவேனியா போன்ற நாடுகளைக் கலந்து செய்த 'ஐரோப்பா' என்ற ஓர் அணி. பார்வையாளரைக் கவரும் சூத்திரம்தான். ஆனால் 2002இல் உலக சம்பியனாக இருந்த ஸ்லோவாக்கியாவின் ரசிகர் எந்தக் கொடியை அசைப்பது? அந்த 'ஐரோப்பா' அணி இறுதிவரை வந்ததும், அப்படியும் அதற்காக எந்த நகரத்திலும் மக்கள் தெருவில் இறங்காததும் இந்தக் கட்டுரையின் பாதி வாதத்தைச் சொல்லிவிடுகின்றன.

நாகானோ முதல் சோச்சி வரை

அதிகாரமும் வீரர்களும் நம்பிக்கையும் ஒன்றுசேர்ந்த காலம் என்றால் அது 1998க்கும் 2014க்கும் இடைப்பட்ட ஐந்து குளிர்கால ஒலிம்பிக்குகள்தான். முதன்முறையாக என்.எச்.எல் தனது பருவகாலத்தை இடைநிறுத்தி வீரர்களை ஜப்பானின் நாகானோவுக்கு அனுப்பியது. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இறுதியாட்டத்தை எதிர்பார்த்தார்கள். வென்றது செக் குடியரசு. அரையிறுதியில் தண்டனை அடிகளில் கனடாவின் ஐந்து முயற்சிகளையும் கோல் காப்பாளர் டொமினிக் ஹஷெக் தடுத்தார். இறுதியில் ரஷ்யாவுக்கு எதிராக 1-0. பிறகு 2002, 2010, 2014 ஆண்டுகளில் கனடா, 2006இல் சுவீடன்.

இந்தப் பொற்காலம் முடிந்ததற்குக் காரணம் கணக்குப் புத்தகம். ஒலிம்பிக்குக்காக லீக் பெப்ரவரியில் ஏறத்தாழ மூன்று கிழமைகள் கடையை மூடவேண்டும். வருமானம் ஒலிம்பிக் குழுவுக்கு. காயமடைந்த வீரனின் நட்டம் கழகத்துக்கு. பயணச் செலவையும் காப்புறுதியையும் முன்புபோல் ஏற்க ஒலிம்பிக் குழு மறுத்ததும், லீக் 2018க்குப் போகவில்லை. 2022க்கு இணங்கியிருந்தும் கொரோனாவினால் ஆட்டங்கள் தள்ளிப்போனதைக் காட்டி 2021 டிசம்பரில் விலகியது. அந்த இரண்டு தங்கங்களும் செல்லுபடியானவை. பின்லாந்துக்காரரிடம் 2022 தங்கத்தைக் குறைத்துப் பேசிப் பாருங்கள், தெரியும். 2026, 2030 ஆண்டுகளுக்கு வீரர்களை விடுவிக்கும் உடன்பாடு 2024 பெப்ரவரியில்தான் எட்டப்பட்டது.

பெண்கள் ஹொக்கி இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. 1990இல் ஒட்டாவாவில் முதலாவது பெண்கள் உலக சம்பியன்ஷிப் நடந்தது முதல், சிறந்த வீராங்கனைகளைப் பிடித்துவைத்திருக்க வலுவான லீக் எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை. ஆகவே சிறந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு முறையும் வந்தார்கள். கண்டிப்பான அளவுகோலின்படி இதுவே மிகத் தூய்மையான உலகத் தொடர். ஆனால் உலகப் பட்டமும் ஒலிம்பிக் தங்கமும் கனடா, அமெரிக்கா தவிர வேறெந்த நாட்டுக்கும் போனதில்லை என்பதைக் காட்டி, 2010இல் ஒலிம்பிக் குழுவின் தலைவரே இந்த நிலை மாறாவிட்டால் இடம் நிலைக்காது என்ற தொனியில் எச்சரித்தார். ஆண்களுக்கு வீரர் வராததால் மதிப்புக் குறைகிறது. பெண்களுக்கு வந்தும் குறைகிறது.

யுத்தத் தாங்கிகளுக்குப் பின்

இனி, எமக்கு நெருக்கமான பக்கத்துக்கு வருவோம். 1947இலும் 1949இலும் உலக சம்பியனாக இருந்த செக்கோஸ்லோவாக்கிய அணி, 1950 மார்ச்சில் லண்டன் தொடருக்குப் புறப்படவிருந்த வேளையில் தடுத்து நிறுத்தப்பட்டது. வெளிநாட்டில் தங்கிவிடுவார்கள் என்று புதிய ஆட்சி அஞ்சியது. வீரர்கள் கைதாகி, தேசத்துரோகம் என்ற பெயரில் தண்டிக்கப்பட்டார்கள். கோல் காப்பாளர் பொஹுமில் மொட்ரிக்கு 15 ஆண்டுச் சிறை. யுரேனியச் சுரங்க முகாமில் வேலை செய்து, 1955இல் வெளிவந்து, 1963இல் இறந்தார். நடப்பு உலக சம்பியன்களைச் சொந்த அரசே சிறையில் போட்ட வேறு உதாரணம் இந்த விளையாட்டில் இல்லை.

புறக்கணிப்பும் பழையதே. 1956இல் ஹங்கேரிக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து 1957 மொஸ்கோ தொடருக்குக் கனடாவும் அமெரிக்காவும் போகவில்லை. 1962இல் கிழக்கு ஜேர்மனிய அணிக்கு விசா மறுக்கப்பட்டதால் சோவத் ஒன்றியமும் செக்கோஸ்லோவாக்கியாவும் அமெரிக்காவுக்கு வரவில்லை. இரண்டு முறையும் சுவீடன் தங்கம் வென்றது. பட்டியலில் அவற்றுக்கு நட்சத்திரக் குறியில்லை.

1968 ஓகஸ்டில் சோவியத் தாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்தன. அடுத்த மார்ச்சில் அங்கே நடக்கவிருந்த உலக சம்பியன்ஷிப் ஸ்ரொக்ஹோமுக்கு மாற்றப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வோர் அணியும் மற்றதை இரண்டு முறை சந்திக்கும். 1969 மார்ச் 21ஆம் திகதி செக்கோஸ்லோவாக்கியா 2-0 என வென்றது. 28ஆம் திகதி மறுபடியும் 4-3. மேலாடையிலிருந்த தேசியச் சின்னத்தின் சிவப்பு நட்சத்திரத்தைச் சில வீரர்கள் நாடாவால் மறைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கைகொடுக்கவில்லை. இரண்டாவது வெற்றியின் இரவில் நாடு முழுவதும் சுமார் 5 இலட்சம் பேர் தெருவுக்கு வந்ததாகக் கணக்கு. பிராக்கின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் இருந்த சோவியத் விமான நிறுவனமான ஏரோஃபுளொட்டின் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அதற்கு முன்னால் கற்குவியல் எப்படி வந்தது என்பதில் இரகசியப் பொலிஸ் மீதான சந்தேகம் இன்றுவரை இருக்கிறது. மொஸ்கோவுக்கு அது நல்ல சாட்டாகிவிட்டது. ஏப்ரலில் சீர்திருத்தத் தலைவர் டுப்செக் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

அந்தத் தொடரின் தங்கம் யாருக்கு? சோவியத்துக்கு. மூன்று அணிகள் சமபுள்ளியில் நின்றன. செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கிடைத்தது வெண்கலம். ஆனால் 1969 என்றதும் நினைவுக்கு வருவது அந்த இரண்டு ஆட்டங்கள்தான். நாகானோவில் தங்கம் வென்ற செக் அணியின் யரோமிர் யாகர் முதுகில் 68 என்ற இலக்கத்தோடு ஆடினார். படையெடுப்பு நடந்த ஆண்டையும் அதே ஆண்டில் இறந்த தனது பாட்டனாரையும் நினைவில் வைத்துத் தேர்ந்த இலக்கம் அது.

கொடியும் படிக்கட்டும்

1993 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோது, உலக சம்பியன்ஷிப்பின் முதல் பிரிவில் இருந்த இடம் செக் குடியரசுக்குப் போனது. அதே அணியில் தோளோடு தோள் நின்று ஆடிய ஸ்லோவாக்கியர்கள் மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்கவேண்டும் என்றார்கள். சோவியத் உடைந்தபோதும் அவ்வாறே. ரஷ்யாவுக்கு முதல் பிரிவு. லற்வியா, உக்ரைன் போன்றவற்றுக்குக் கீழ்ப்படி. யார் வாரிசு, யார் புதியவர் என்பதைச் சம்மேளனம் தீர்மானித்தது. ஸ்லோவாக்கியா 1994இல் மூன்றாம் பிரிவையும் 1995இல் இரண்டாம் பிரிவையும் வென்று மேலே வந்தது. 2002 மே மாதம் சுவீடனின் கோதன்பேர்க்கில், ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருக்கையில் பீற்றர் பொன்ட்ரா அடித்த கோலினால் ரஷ்யாவை 4-3 என வென்று உலக சம்பியனானது. அந்தத் தொடரைப் பலம் குறைந்தது என்று பிராட்டிஸ்லாவாவில் யாரிடமும் சொல்ல முடியாது.

படிக்கட்டின் அடியில் நிற்கவும் ஒரு கொடி வேண்டும் என்பது அடுத்த விடயம். உறுப்புரிமை இல்லாதவர்களுக்கு மூன்றாம் பிரிவும் இல்லை. கால்பந்தில் அப்படியானவர்களுக்கென ஃபீஃபாவுக்கு வெளியே தனித் தொடர் இருக்கிறது. புலம்பெயர் தமிழர்களின் 'தமிழீழம்' அணி 2014இல் சுவீடனின் ஒஸ்ரர்சுண்டிலும் 2018இல் லண்டனிலும் ஆடியது அங்கேதான்.

இருக்கும் கொடியே தகராறானதும் உண்டு. 2021ஆம் ஆண்டுத் தொடரை லற்வியாவுடன் சேர்ந்து பெலாரஸும் நடத்தவிருந்தது. தேர்தல் மோசடிக்கு எதிரான போராட்டங்கள் நசுக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் சம்மேளனத்தின் அன்றைய தலைவர் மின்ஸ்க் போய் ஜனாதிபதி லுகஷென்கோவைக் கட்டியணைத்தார். படம் வெளிவந்தது, அனுசரணையாளர்கள் விலக ஆரம்பித்தார்கள், ஒரு கிழமைக்குள் பெலாரஸிடமிருந்து போட்டி பறிக்கப்பட்டது. மனச்சாட்சி அசையாத இடத்தில் அனுசரணைப் பணம் அசைந்தது. மே மாதம் ரீகாவில் தொடர் நடந்துகொண்டிருக்கையில், எதிர்ப்பாளர் ஒருவரைப் பிடிக்க ஒரு பயணிகள் விமானம் மின்ஸ்கில் வலிந்து இறக்கப்பட்டது. ரீகா மாநகர முதல்வர் நகரில் பறந்த பெலாரஸ் அரசுக் கொடியை இறக்கி, எதிர்க்கட்சியினரின் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடியை ஏற்றினார். அப்படியானால் எங்கள் கொடியை அருகில் பறக்கவிடாதீர்கள் என்றது சம்மேளனம். முதல்வர் சம்மேளனத்தின் கொடியை இறக்கினார்.

2022 பெப்ரவரி 28ஆம் திகதி, உக்ரைன் மீதான படையெடுப்பின் ஐந்தாம் நாள், ரஷ்யாவும் பெலாரஸும் எல்லாத் தொடர்களிலிருந்தும் நிறுத்தப்பட்டன. ஆண்டுதோறும் தடை நீடிக்கையில் சம்மேளனம் முன்வைக்கும் காரணம் பாதுகாப்பு. குற்றம், தண்டனை என்ற சொற்களை அது தவிர்க்கிறது. யுத்தம் செய்த நாடுகள் எல்லாமே இப்படி நிறுத்தப்பட்டதுண்டா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பதே நேர்மையான பதில். மறுபக்கம், அலெக்ஸ் ஒவெச்கின் 2025 ஏப்ரலில் கிறெற்ஸ்கியின் 894 கோல் சாதனையை முறியடித்தார். அவர் இல்லாத தொடரைச் 'சிறந்தவர்களின் தொடர்' என்று விளம்பரம் செய்வதில் லீக்குக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அந்தத் தொடர்தான் 2025 பெப்ரவரியில் மொன்றியலிலும் பொஸ்ரனிலும் நடந்த நான்கு நாடுகள் போட்டி: கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து. அப்போது நடப்பு உலக சம்பியன் செக் குடியரசு, அழைக்கப்படவில்லை. லீக்கின் வழமையான நட்சத்திர ஆட்டத்துக்குப் பதிலாக ஒப்பேற்றிய காட்சிப் போட்டி என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று அமெரிக்க ஜனாதிபதி பேசிக்கொண்டிருந்த மாதம் அது. மொன்றியல் அரங்கு அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூச்சலிட்டது. ஆட்டம் தொடங்கி ஒன்பது விநாடிகளில் மூன்று கைகலப்புகள். அன்று அமெரிக்கா வென்றது. ஐந்து நாட்களின் பின் பொஸ்ரனில் நடந்த இறுதியில் மேலதிக நேரத்தில் கொனர் மக்டேவிட் அடித்த கோலினால் கனடா 3-2 என வென்றது. சம்மேளனத்தின் ஏட்டில் அந்த வெற்றிக்கு உலகப் பட்டம் இல்லை. மூன்று மாதங்களின் பின் அதே அமெரிக்கா ஸ்ரொக்ஹோமில் சுவிற்சர்லாந்தை 1-0 என வென்று, ஒலிம்பிக் அல்லாத தனித் தொடரில் 1933க்குப் பிறகு முதன்முறையாக உலக சம்பியனானது. இரண்டில் எந்த ஆட்டம் அமெரிக்கர்களுக்கு நினைவிருக்கும் என்று கேட்டால், தோற்றதைத்தான் பலர் சொல்வார்கள்.

உக்ரைனில் துருஷ்கிவ்கா நகரத்தின் ஐஸ் அரங்கு 2023 ஜனவரியில் ஏவுகணைத் தாக்குதலில் அழிந்தது. அந்த நாட்டின் தேசிய அணி 2024இல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில், உலக சம்பியன்ஷிப்பின் மூன்றாம் படியில் ஆடியது. பெரிய பெயர்கள் இல்லாத, வட அமெரிக்கத் தொலைக்காட்சிகள் திரும்பியும் பார்க்காத தொடர். அதில் முதலிடம் பெற்று ஒரு படி மேலே ஏறினார்கள்.